வேகமாக வெளுக்கவைக்கும் கிரீமுக்குள் என்ன இருக்கிறது?

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இருக்கிறது கோட்டக்கல். 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 22 பேருக்கு ஒரே சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதாகி, உடலில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியே போய்விடும் நோய் அது. ‘மெம்பரேனஸ் நெஃப்ரோபதி’ என்பார்கள். நோய் ஒன்றும் புதிதல்ல. மருத்துவர்களை உறுத்தியது வேறொன்று: திசுப் பரிசோதனையில் 15 பேருக்கு ‘நெல்-1’ என்ற புரதம் தென்பட்டது. இந்த நோயில் அது வழக்கமாக அதிகம் காணப்படாத வகை. அந்த 15 பேரிடமும் துருவித் துருவி விசாரித்ததில், முகம் வெளுக்க கிரீம் போட்டதாக 13 பேர் ஒப்புக்கொண்டார்கள்.

சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் என்ற இரு சிறுநீரக மருத்துவர்கள் இதை ஆய்வாக எழுதி வெளியிட்டார்கள். நோயாளிகளில் ஒருவருக்கு மூளையின் சிரையில் இரத்தம் உறைந்துபோயிருந்தது. புரதம் அளவுக்கு மீறி வெளியேறும்போது இரத்தம் எளிதில் உறைந்துவிடும் என்பதால் வரும் சிக்கல் இது. கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்கள் தேறிவிட்டார்கள். யாருக்கும் சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்குப் போகவில்லை என்பது ஆறுதல்.

இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே எழும் முதல் பேச்சு, “படிச்ச பிள்ளைங்க, கண்டதையும் வாங்கி மூஞ்சில பூசுவாங்களா?” என்பதுதான். இந்தக் கேள்வி பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக நிறுத்துகிறது. அதைவிட, நடப்பதையே தலைகீழாகப் புரிந்துகொள்கிறது. அவர்கள் வாங்கிய கிரீம் ஏமாற்றவில்லை. சொன்னபடி வெளுக்கவைத்தது. சில வாரங்களிலேயே கண்ணாடியில் வித்தியாசம் தெரிந்தது. “என்னடி போடுற, கலரா ஆயிட்ட?” என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். வேகமாக வேலை செய்ததுதான் அந்த கிரீமின் ஆபத்து. சட்டத்துக்கு உட்பட்டுத் தயாரித்த எந்த அழகு கிரீமாலும் அந்த வேகத்தில் வெளுக்கவைக்க முடியாது. பாதரசத்தாலும் ஸ்டீராய்டாலும் முடியும்.

அந்த வேகத்தை யார் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல், கிரீமை மட்டும் திட்டிப் பயனில்லை.

பாதரசம் செய்யும் வேலை

மனிதத் தோலில் நிறத்தைத் தருவது மெலனின் என்ற நிறமி. அதை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றேதான். எவ்வளவு மெலனின், எந்த வகை மெலனின் என்பதில்தான் வேறுபாடு. நம்மைப் போல வெயில் கொளுத்தும் நாட்டில் இருப்பவர்களுக்கு அந்த நிறமி ஒரு பாதுகாப்பு. வெயிலின் புறஊதாக் கதிர்கள் செல்லுக்குள் இருக்கும் மரபணுவைத் தாக்காமல் அது தடுக்கிறது. தோல் புற்றுநோய் வெள்ளையரிடம் அதிகமாகவும் நம்மிடம் குறைவாகவும் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே.

மெலனின் உருவாக ‘டைரோசினேஸ்’ என்ற நொதி தேவை. அந்த நொதி இயங்கத் தாமிரம் தேவை. பாதரசம் அந்தத் தாமிரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நொதியை முடக்கிவிடுகிறது. நிறமி உற்பத்தி குறைய, தோல் வெளுக்கிறது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. உள்ளே ஊறி இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் போய்ச் சேர்ந்து தங்குகிறது. நரம்புகளையும் தாக்கலாம். காரணமில்லாத எரிச்சல், தூக்கமின்மை, கை நடுக்கம், மறதி என்று அது வெளிப்படும்போது, கிரீமையும் நடுக்கத்தையும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றுவதில்லை.

அழகுசாதனப் பொருளில் தெரியாமல் கலந்துவிடும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியச் சட்டத்தின் வரம்பு. கண்ணைச் சுற்றிப் பூசும் பொருட்களுக்கு மட்டும் தனி வரம்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பாதரசம் சேர்த்த வெளுப்பு கிரீம்களில் பாதரசச் சேர்மத்தின் அளவு 1 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். ஒரு சதவீதம் என்றாலே வரம்பைப்போல பல ஆயிரம் மடங்கு. பாகிஸ்தானில் 2019-ல் அந்த நாட்டு அரசே 59 கிரீம் மாதிரிகளைச் சோதித்தபோது 56-ல் பாதரசம் வரம்பை மீறியிருந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் தொடங்கிய ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற சோதனையில் பிடிபட்ட சில பொருட்களில் பாதரசம் வரம்பைவிடப் பல ஆயிரம் மடங்கு இருந்தது.

பூசியவரோடு இது முடிவதும் இல்லை. 2010-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் மெக்சிகோவில் தயாரான கிரீமைப் பயன்படுத்திய குடும்பங்களைச் சோதித்தபோது, கிரீமைத் தொடாதவர்களின் உடலிலும், குழந்தைகளின் உடலிலும்கூடப் பாதரசம் இருந்தது. துண்டு, தலையணை உறை, அம்மாவின் கன்னம், வீட்டுக்குள் சுற்றும் ஆவி என்று எல்லா வழியிலும் அது பரவும். மகாராஷ்டிரத்தின் அகோலாவில் ஒரு கல்லூரி மாணவி உள்ளூர் அழகுக்கலை நிபுணர் கொடுத்த கிரீமைப் பூசி வந்தார். வீட்டில் அம்மாவும் அக்காவும் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். மூவருக்கும் சிறுநீரகக் கோளாறு வந்தது. நம் வீடுகளில் ஒரு டப்பாவை நான்கு பேர் பகிர்ந்துகொள்வது எவ்வளவு இயல்பு என்பதை நினைத்துப்பாருங்கள்.

இதில் மிகவும் வேதனை தருவது, இது புதிய கண்டுபிடிப்பே இல்லை என்பதுதான். 1972-லேயே கென்யத் தலைநகர் நைரோபியிலிருந்து ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. சிறுநீரில் புரதம் போகும் நோயோடு மருத்துவமனைக்கு வந்த 60 ஆப்பிரிக்கர்களில் 32 பேர் பாதரசம் கலந்த வெளுப்பு கிரீமைப் பூசியவர்கள். நைரோபிக்கும் கோட்டக்கல்லுக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள். நோயும் அதே, காரணமும் அதே. கிரீம் டப்பாவின் மேல் ஒட்டிய லேபிள் மட்டும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

கருவிலேயே தொடங்கும் கணக்கு

நம் ஊரில் நிறம் பற்றிய கவலை குழந்தை பிறக்கும் முன்பே ஆரம்பமாகிவிடுகிறது. கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்கிறார்கள், பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று. நிறத்தைத் தீர்மானிப்பது பெற்றோரின் மரபணு. குங்குமப்பூவுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. சமையலில் சேர்க்கும் அளவுக்குக் கொடுத்தால் அது பணச்செலவோடு போகும். ஆனால் இதே நம்பிக்கையின் மறுபக்கம் அப்படிப் போவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குழந்தை கறுத்துப்போகும் என்ற பேச்சு பல வீடுகளில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுத்த மாத்திரையை அலமாரியில் ஒளித்துவைக்கும் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். இரத்தசோகையோடு பிரசவ அறைக்குப் போகும் பெண்ணின் உயிரோடு விளையாடும் பேச்சு அது.

குழந்தை பிறந்ததும் காது மடலைப் புரட்டிப் பார்க்கிறார்கள். அந்த நிறத்துக்குத்தான் பிள்ளை கடைசியில் வந்து நிற்குமாம். பெண் குழந்தையானால் கடலை மாவு, பயத்தம் மாவு, கஸ்தூரி மஞ்சள் என்று தேய்ப்பு தொடங்கும். பள்ளி ஆண்டு விழா நடனத்தில் யாரை முன்வரிசையில் நிறுத்துவது என்பதிலும் நிறம் வரும். “வெயில்ல நிக்காதே, கறுத்துடுவ” என்று மகளை மைதானத்திலிருந்து உள்ளே கூப்பிடும் அம்மாவுக்கு அவள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. நாளைக்கு இவளை யாராவது வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடாதே என்ற பயம்தான் அப்படிக் கூப்பிடுகிறது.

அந்த நாளை வரத்தான் செய்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் தரகரிடம் சொல்லி அனுப்புவார்கள்: “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, படிப்பும் இருக்கு, கலர்தான் கொஞ்சம் கம்மி.” இதோடு போவதும் உண்டு. “பையன் கொஞ்சம் யோசிக்கிறான், நீங்க பார்த்துச் செஞ்சீங்கன்னா பேசிப் பார்க்கலாம்” என்று தொடர்வதும் உண்டு. அப்போது மகளின் தோல் நிறம் பவுன் கணக்காக மாறி அப்பாவின் தலையில் வந்து உட்காருகிறது. தன் நிறத்துக்காக அப்பா வட்டிக்கு வாங்குவதைப் பார்க்கும் பெண்ணிடம், “அழகு மனசுலதான் இருக்கு” என்று சொல்லிப் பயன் என்ன? ஐநூறு ரூபாய் டப்பா அவளுக்குக் கணக்குப்படி சரியாகவே படும்.

இங்கேதான் கெடு வருகிறது. அடுத்த வரன் மூன்று வாரத்தில் பெண் பார்க்க வருகிறது. நிச்சயதார்த்தம் தையில். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பார்லரில் ‘பிரைடல் பேக்கேஜ்’ பேசியாயிற்று. ஒரு நல்ல தோல் மருத்துவரிடம் போனால் அவர் சன்ஸ்கிரீன் போடச் சொல்வார், மங்கு இருந்தால் அதற்குத் தனி சிகிச்சை தருவார், மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார். வெயிலால் ஏறிய கறுப்பு இறங்கும், அவ்வளவுதான் என்றும் சொல்வார். மேற்கையின் உட்புறம், வெயில் படாத இடத்தில் என்ன நிறமோ அதுதான் ஒருவரின் பிறவி நிறம். எந்த கிரீமும் அதை நிரந்தரமாக மாற்றாது. நேர்மையான இந்தப் பதில் மூன்று வாரக் கெடுவுக்குள் அடங்குவதில்லை. மருந்துக்கடையிலும் ஃபேன்சி ஸ்டோரிலும் இன்ஸ்டாகிராமிலும் கிடைக்கும் பதில் அடங்குகிறது.

இந்த அச்சத்தைச் சந்தையாக்கியவர்களையும் சொல்லாமல் விட முடியாது. 1975-ல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’யைக் கொண்டுவந்தது. அதில் பாதரசம் கிடையாது. நியாசினமைடு என்ற வைட்டமினையும் சன்ஸ்கிரீனையும் நம்பிய கிரீம் அது. ஆனால் அது விற்ற கதை தோலைவிட ஆழமாக ஊறியது. மகன் இல்லையே என்று அப்பா பெருமூச்சு விட, கறுத்த மகள் கிரீம் பூசி, சிவந்து, விமானத்தில் வேலை வாங்கிவரும் விளம்பரம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடிய பிறகு 2003-ல்தான் மத்திய அரசு அதைத் தொலைக்காட்சியிலிருந்து இறக்கியது. 2005-ல் ஆண்களுக்கென்று ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ வந்தது. 2009-ல் சென்னையில் கவிதா இம்மானுவேல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கினார். நடிகை நந்திதா தாஸ் 2013-ல் அதன் முகமானார். கறுத்தவரைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரம் கூடாது என்று விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் விதி வகுத்தது. 2020-ல் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் போராட்டம் வெடித்த சூழலில் ‘ஃபேர்’ என்ற சொல் அந்த டப்பாவிலிருந்தே போய், ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது.

நாற்பத்தைந்து ஆண்டு விளம்பரம் ஒரு பழக்கத்தை விதைத்துவிட்டது: நிறம் என்பது வாங்கக்கூடிய சரக்கு, வாங்காமல் இருப்பது சோம்பல். வாங்கிய டியூப் போதிய அளவு வெளுக்கவைக்காதபோது, ஜனங்கள் கடையை விட்டு வெளியேறவில்லை. அதைவிட வேகமான சரக்கு இருக்கும் கடையைத் தேடிப்போனார்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் இன்னொரு வேகம்

பாதரசம் கலந்தது பெரும்பாலும் திருட்டுத்தனமாக, வெளிநாட்டுச் சரக்கு என்ற பெயரில் வருகிறது. ஸ்டீராய்டு அப்படியல்ல. தெருமுனை மருந்துக்கடையில், முறையான பில்லோடு கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இதுவே பெரிய பிரச்சினை என்று நினைக்கிறேன், பாதரசம் அளவுக்கு இது செய்தியாவதில்லை என்றாலும்.

பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் போன்றவை கரப்பான், சொரியாசிஸ் முதலிய நோய்களுக்கான அருமையான மருந்துகள். சரியான இடத்தில், சரியான அளவில், குறித்த நாட்களுக்கு. அவற்றுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு: இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நிறமியைக் குறைத்து, தோலை வெளுக்கவைக்கும். அந்தப் பக்கவிளைவைத்தான் நம் ஊர் விலைகொடுத்து வாங்குகிறது. 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் க்ளிக்மேன், நிறமி உருவாவதைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாய்ன், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்த ஒரு கலவையை மங்குக்கு மருந்தாக விவரித்தார். மருத்துவர் கண்காணிப்பில் சில வாரம் போடவேண்டிய அந்த மூன்று மருந்துக் கலவை, இங்கே வருடக்கணக்கில் தினசரி பூசும் ‘நைட் கிரீம்’ ஆகிவிட்டது.

போட்ட முதல் மாதம் முகம் பளிச்சென்று இருக்கும். பரு அமுங்கும். பிறகு தோல் மெலியும். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரியும். வெயிலில் நின்றால், அடுப்படியில் நின்றால் எரியும். பெண்களின் முகத்தில் ரோமம் வளரும், அமுங்கியிருந்த பரு பெருகி வெடிக்கும். ஹைட்ரோகுவினோனைப் பல ஆண்டுகள் போட்டவர்களுக்கு, வெளுக்கவேண்டிய இடமே நீலக்கறுப்பாக மாறி நிலைத்துவிடுவதும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது நிறுத்தும்போது நடப்பது. இரண்டு நாள் விட்டால் முகம் சிவந்து, வீங்கி, தீப்பட்டதுபோல எரியும். திரும்பப் பூசினால் உடனே அடங்கும். ‘இந்த கிரீம் இல்லாமல் என் முகம் இருக்காது’ என்று பூசியவர் முடிவுக்கு வருவார். மருந்து உண்டாக்கிய நோய்க்கு அதே மருந்தை வாங்கிக்கொண்டே இருக்கும் சுழல் இது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தியா முழுக்க 12 மையங்களில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முகத் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 257 பேருக்கு அதைப் பரிந்துரைத்தது மருத்துவர் அல்லாத யாரோ. தோழி, அண்ணி, பார்லர்க்காரர், மருந்துக்கடைக்காரர். 392 பேருக்குப் பக்கவிளைவு வந்திருந்தது. பத்தில் ஒன்பது பேர்! 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ‘எச்’ பட்டியலுக்கு மாற்றியது. பட்டியலில் ஏறியது உண்மை. சீட்டு இல்லாமல் கேட்டுப்பாருங்கள், எத்தனை கடையில் மறுக்கிறார்கள் என்று.

டிரிப் ஏற்றினால் நிறம் ஏறுமா?

இப்போது கிரீமைத் தாண்டி ஊசிக்கு வந்துவிட்டோம். குளுட்டாதயோன் என்பது நம் உடலே தயாரிக்கும் ஒரு பொருள். அதைப் பெருமளவில் நரம்பு வழியாக ஏற்றினால் கருநிற மெலனினுக்குப் பதில் வெளிர்நிற மெலனின் உருவாகும் என்ற எதிர்பார்ப்பில், வைட்டமின் சி-யோடு கலந்து டிரிப் போடுகிறார்கள். பலன் நிலைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. எனவே ‘சிட்டிங்’ முடிவதே இல்லை. தோல் வெளுப்புக்காக இந்த ஊசிக்கு இந்தியாவில் ஒப்புதல் தரப்படவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே கடுமையான தோல் தடிப்பு, தைராய்டு, சிறுநீரகப் பாதிப்புகளைச் சொல்லி இதை எச்சரித்தது. மருந்து ஒருபக்கம் இருக்கட்டும். நரம்பில் ஏற்றும் எதுவும் திடீர் ஒவ்வாமையைக் கிளப்பலாம், அப்போது நிமிடங்களில் உயிர் காக்கும் ஏற்பாடு வேண்டும். புருவம் திருத்தும் நாற்காலிக்குப் பக்கத்தில் அந்த ஏற்பாடு இருக்காது.

ஆண்கள் இந்த நெருக்கடிக்கு வெளியே இல்லை. அவர்களுக்கு நிறத்தைவிட வழுக்கை பெரிய பயம், அதுவும் கல்யாணத்துக்கு முன். 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே தலைமுடி மாற்று சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். சிகிச்சை நடந்த இடம் முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமத்தில் இயங்கியது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது இந்தச் சிகிச்சைக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று எழுதவேண்டியிருந்தது. எழுதவேண்டிய நிலை வந்தது என்பதிலேயே நிலைமை புரிகிறது. மருத்துவப் படிப்பு படித்தவரையும் அந்த நாற்காலியில் உட்காரவைத்த நெருக்கடியை ‘அறியாமை’ என்று எப்படிச் சொல்வது?

சட்டம் எங்கே பிடிக்கிறது, எங்கே நழுவவிடுகிறது

பாதரசத்துக்கு எதிரான உலக உடன்படிக்கை, ஜப்பானின் மினமாட்டா நகரின் பெயரில் 2013-ல் உருவாகி, 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-ல் அதை ஏற்றது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் சேர்த்த அழகுசாதனத்தை 2020-க்குள் ஒழிப்பது முதல் இலக்கு. அது நடக்காததால், 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மாநாடு, எந்த அளவிலும் பாதரசம் சேர்க்கக்கூடாது, 2025-க்குள் அனைத்தும் நிற்கவேண்டும் என்று இறுக்கியது. பொய் விளம்பரங்களுக்கு எதிரான 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, நிறத்தை மாற்றுவோம் என்று விளம்பரம் செய்தால் முதல் முறை இரண்டு ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மத்திய அரசு 2020-ல் ஒரு வரைவை வெளியிட்டது. வரைவு நல்ல வரைவுதான்.

ஆனால் இந்தச் சட்டங்கள் தொழிற்சாலையையும் தொலைக்காட்சியையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. இன்று கிரீம் வருவது, முகவரி இல்லாத ஒரு வாட்ஸ்அப் எண்ணிலிருந்து. ‘ஹோம்மேட்’, ‘ஆர்கானிக்’, ‘கெமிக்கல் இல்லை’ என்ற வாசகத்தோடு, முன்னும் பின்னும் எடுத்த படத்தோடு, கூரியரில். ஸ்டீராய்டு டியூபைப் பிழிந்து, வாசனை கிரீமில் குழைத்து, அழகான டப்பாவில் அடைப்பவரிடம் எந்த மருந்து ஆய்வாளரும் போய் நிற்பதில்லை. ஆய்வாளர்களின் எண்ணிக்கை கூடவேண்டும், ஆன்லைன் தளங்கள் விற்பனைக்குப் பொறுப்பேற்கவேண்டும், ஒவ்வொரு மாநிலமும் கேரளத்தைப்போலச் சந்தையில் மாதிரி எடுத்துச் சோதித்து, பெயரோடு வெளியிடவேண்டும். நம் மாநில அரசு இதைச் செய்யத் தடை என்ன என்று எனக்குப் புரியவில்லை.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால்

டப்பாவைப் பார்த்துச் சில அறிகுறிகளைக் கண்டுகொள்ளலாம். உள்ளடக்கப் பட்டியல் இல்லை, தயாரிப்பாளர் முகவரி இல்லை, இறக்குமதிப் பதிவு எண் இல்லை என்றால் வேண்டாம். ‘மெர்க்குரி’, ‘கேலோமெல்’, ‘அம்மோனியேட்டட் மெர்க்குரி’, ‘மெர்க்யூரிக் அயோடைடு’ என்ற பெயர்கள் எல்லாம் பாதரசம்தான். ‘தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்’ என்று எழுதியிருந்தால் அதுவும் பாதரசம் இருப்பதற்கான குறிப்பு, ஏனென்றால் பாதரசம் அந்த உலோகங்களோடு கலந்துவிடும். ‘-சோன்’, ‘-சால்’ என்று முடியும் பல பெயர்கள் ஸ்டீராய்டாக இருக்கக்கூடும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம்விட நம்பகமான அறிகுறி, இரண்டு வாரத்துக்குள் முகம் கண்கூடாக வெளுப்பது. அதைக் கண்டு மகிழாமல் பயப்படுங்கள்.

பாதரசம் என்ற சந்தேகம் வந்தால் அன்றே நிறுத்தவேண்டும். கிரீமை குப்பைத்தொட்டியிலோ கழிப்பறையிலோ கொட்டாமல், மூடிய பையில் போட்டு மருத்துவரிடம் காட்ட எடுத்துவையுங்கள். முகம், கால் வீக்கமோ சிறுநீரில் அடங்காத நுரையோ இருந்தால் சிறுநீர்ப் புரதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும் சோதனை அது. பொது மருத்துவரிடம் போனாலும் கிரீம் பூசியதைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் காரணம் தெரியாமலே மாத்திரைகள் ஏறிக்கொண்டிருக்கும்.

ஸ்டீராய்டு விஷயம் வேறு. நாள்பட்டுப் பூசியவர்கள் தாமாக ஒரேயடியாக நிறுத்தினால் முகம் கடுமையாகக் கொதிக்கும், எனவே தோல் மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்தவேண்டும். அவர் படிப்படியாகக் குறைப்பார், அல்லது வேறு மருந்தின் துணையோடு நிறுத்தவைப்பார். முதல் சில வாரங்கள் மோசமாகத்தான் இருக்கும். முகம் சிவந்து, பரு வெடித்து, கிரீம் போடும் முன்பு இருந்த நிறத்தைவிடக் கறுத்தும் தெரியும். தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சிலருக்கு மாதங்கள் ஆகும். மெலிந்த தோலும் விரிந்த நரம்பும் சிலருக்கு முழுதாகச் சரியாகாமலும் போகலாம்.

பலர் மறுபடியும் பழைய டியூபுக்குத் திரும்புவது இந்த வாரங்களில்தான். எரிச்சலைக்கூடத் தாங்கிவிடுகிறார்கள். “என்னாச்சு, மூஞ்சி இப்படிக் கறுத்துப்போச்சு?” என்று வீட்டிலும் ஆபீசிலும் பஸ்ஸிலும் கேட்பதைத் தாங்கமுடிவதில்லை. அதனால் சிகிச்சைக்கு வரும்போது அம்மாவோ கணவரோ உடன் வருவது நல்லது. முகம் இன்னும் மோசமாகித்தான் பிறகு தேறும் என்பதை மருத்துவர் வாயிலிருந்து அவர்களும் கேட்டுக்கொண்டால், அந்த மாதங்களில் வீட்டுக்கு வரும் உறவினர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கல்யாணத் தேதி நெருங்கியிருந்தால், தேதியைத் தள்ளிவைப்பதைப் பற்றியும் பேசலாம்.